ஏழாயிரம் மணி நேரம் எங்கே போகிறது?

ஜூன் மாதம் நெருங்கினால் கடலூர் மாவட்டத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? மஞ்சள் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறதே என்பார் அப்பா. தெருமுனையில் இருக்கிற அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடே போடுகிறார்களே என்பார் பாட்டி. அங்கேயும் இங்கிலீஷ் மீடியம் வந்துவிட்டது என்பார் பக்கத்து வீட்டு அக்கா. கட்டணம், கட்டடம், சீருடை, போன வருஷத்து ரிசல்ட் என்று எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து, கடைசியில் ஏதோ ஒன்றை முடிவு செய்கிறோம்.

கேட்க மறந்துபோகிற ஒரு கேள்வி உண்டு. பள்ளியின் வாசலைத் தாண்டி உள்ளே போன பிள்ளைக்கு, அந்த நேரம் முழுவதும் என்ன நடக்கிறது?

கட்டாயக் கல்விச் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். ஐந்து எண்ணூறு நாலாயிரம், மூன்று ஆயிரம் மூவாயிரம். ஆக, எட்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு நாம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருப்பது ஏழாயிரம் மணி நேரம்.

இந்த ஏழாயிரம் மணி நேரத்தில் ஒரு பிள்ளை சரளமாக வாசிக்கவும், பிழையில்லாமல் எழுதவும், கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுக்கவும் கற்றுக்கொள்ள முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் 'அசர்' என்ற பெயரில் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாக நடத்தப்படும் கணக்கெடுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அப்படியானால் அந்த மணி நேரமெல்லாம் எங்கே போகிறது?

ஓமக்குளத்தில் ஒரு பள்ளி

விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரம் ஓமக்குளம் பக்கம் போனால் நந்தனார் பெயரில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வேர் 1916இல் இருக்கிறது.

அந்த வேரை நட்டவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை. மதம் மாறச் சம்மதிக்காததால் படிப்பு பாதியில் நின்றது என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. பிறகு கோலார் தங்க வயல். அதன்பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடர். அங்கிருந்து 1910இல் சிதம்பரம் வந்தார்.

அன்றைய சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகக் கேட்டுக் கண்ணீர் விடுகிற ஊர். அதே நந்தனாரின் குலத்தில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலான பள்ளிகளின் திண்ணையைக்கூட மிதிக்க முடியாத ஊர். பண்ணையில் மாடு மேய்க்கும் வயதில் எழுத்து எதற்கு என்று கேட்ட காலம்.

அந்த ஊரில்தான் நந்தனார் கல்விக் கழகம் என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளியைத் தொடங்கினார் சகஜானந்தர். கூடவே மடம், தங்கிப் படிக்க விடுதி. 1926 முதல் சட்டமன்றப் பணியும் சேர்ந்துகொண்டது. 1959 மே 1ஆம் தேதி காலமாகும்வரை அவருடைய வேலையின் நடுவில் இருந்தது அந்தப் பள்ளிதான்.

இதில் பள்ளிச் சீர்திருத்தம் பற்றிய முதல் பாடம் இருக்கிறது. பள்ளியை மட்டும் கட்டியிருந்தால் பிள்ளைகள் வந்திருப்பார்களா? காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் தினமும் சிதம்பரம் வந்து போவது எப்படி? மத்தியானம் என்ன சாப்பிடுவான்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவான்? பாடம் தொடங்குவதற்கு முன்னாலேயே அவனுடைய மணி நேரத்தைத் தூரமும் பசியும் தின்றுவிடும். விடுதி அந்த நேரத்தை மீட்டுக் கொடுத்தது.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்ற காலை உணவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வயிறு காய்ந்த பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் காதில் ஏறாது. இது எந்தத் தாய்க்கும் தெரிந்த உண்மை. அரசாங்கத்துக்குத் தெரிய நாளானது.

இரண்டு பானைகள்

இரண்டாவது பாடம் மரியாதை.

காட்டுமன்னார்கோயிலில் பிறந்து, பிறகு நாடாளுமன்றத்துக்குப் போனவர் எல்.இளையபெருமாள். அவர் பள்ளியில் படித்தபோது குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும், இன்னொன்று அவருடைய சாதிப் பிள்ளைகளுக்கு. தனிப்பானையைச் சிறுவன் இளையபெருமாள் உடைத்தது இன்றைக்கும் அந்தப் பக்கம் பேசப்படுகிற சம்பவம். 1965இல் தீண்டாமை பற்றியும் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வி பற்றியும் ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். 1969இல் அறிக்கை கொடுத்தார்.

பானை உடைந்துவிட்டது, சரி. ஆனால் பார்வை? 'இதுங்களுக்கெல்லாம் எங்கே படிப்பு ஏறப் போகுது' என்று ஓர் ஆசிரியர் மனசுக்குள் நினைத்துவிட்டால் போதும். அந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்க மாட்டார். அதன் நோட்டைத் திறந்து பார்க்க மாட்டார். கடைசி பெஞ்சில் அது எட்டு வருஷமும் உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். பிள்ளைக்குள் ஒன்றும் இறங்காது.

அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பிள்ளையின் படிப்பைப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிதும் தீர்மானிக்கிறது என்றது. ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் பள்ளியால் என்ன செய்துவிட முடியும் என்று பலர் கையை விரித்துவிட்டார்கள். ரொனால்ட் எட்மண்ட்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் அதை ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளிகளைத் தேடிப் போய்ப் பார்த்து, 1979இல் எழுதினார். அப்படிப்பட்ட பள்ளிகளில் அவர் கண்ட பொதுக் குணங்கள் இவை: முன்நின்று நடத்தும் தலைமை ஆசிரியர். எல்லாப் பிள்ளையும் கற்கும் என்ற எதிர்பார்ப்பு. பயமில்லாத, ஒழுங்கான சூழல். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கு முதலிடம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொள்வது.

அதே 1979இல் லண்டனில் மைக்கேல் ரட்டர் குழுவினர் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதன் தலைப்பே 'பதினைந்தாயிரம் மணி நேரம்'. அந்த ஊர்ப் பிள்ளை பள்ளியில் கழிக்கும் மொத்த நேரம் அது. பள்ளிக்குப் பள்ளி பெரிய வித்தியாசம் இருந்தது. அதற்குக் காரணம் கட்டடத்தின் வயதோ அளவோ இல்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆசிரியர் நேரத்துக்கு வகுப்பைத் தொடங்குகிறாரா, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துகிறாரா, திட்டுவதைவிடப் பாராட்டுவது அதிகமா, பிள்ளைகள் கையில் பொறுப்பு கொடுக்கப்படுகிறதா என்ற சின்னச் சின்ன விஷயங்களே வித்தியாசத்தை உண்டாக்கின.

ஓமக்குளத்தில் 1916இல் ஒரு சாமியார் கையில் எடுத்ததும் இதே நம்பிக்கையைத்தான். இந்தப் பிள்ளைகள் படிப்பார்கள். படிக்காவிட்டால் குற்றம் பிள்ளையுடையது அல்ல.

பிள்ளை நிற்கும் படியில் இருந்து

மூன்றாவது பாடமும் சிதம்பரத்திலேயே கிடைக்கிறது. யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர், 1864இல் அதே பெயரில் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை உண்டாக்கினார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால், வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்ற புத்தகம் தமிழில் இல்லை. தானே எழுதி அச்சிட்டார். அதுதான் 'பாலபாடம்'. முதல் புத்தகத்தில் எளிய சொற்கள், சின்ன வாக்கியங்கள். அடுத்தடுத்த புத்தகங்களில் படிப்படியாகக் கடினம்.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. இன்றைய வகுப்பறையில் இதுதான் பெரிய சிக்கல்.

கிள்ளைப் பக்கம் இருளர் குடியிருப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு வரும் ஒரு சிறுமியை எண்ணிக்கொள்வோம். பிச்சாவரத்துக் கழிமுகத்தில் அப்பா அம்மாவுடன் நண்டும் இறாலும் பிடிக்கப் போன நாட்களில் பள்ளிக்கு வரவில்லை. இரண்டாம் வகுப்பில் விட்டுப்போன கொம்பும் கொக்கியும் இன்னும் தடுமாற்றம். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், வருஷா வருஷம் மேலே போய்க்கொண்டிருக்கிறாள். அவள் கையில் இருப்பது ஐந்தாம் வகுப்புப் புத்தகம். ஆசிரியருக்குச் சிலபஸை முடித்தாக வேண்டும். அவர் முடித்துவிடுவார். அவள் தொடங்கவே இல்லை.

உலகம் முழுக்க இதற்குப் பலன் தந்திருக்கும் மருந்து ஒன்று உண்டு. 'பிரதம்' என்ற இந்தியத் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. நாளில் கொஞ்ச நேரம் வகுப்புகளைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளை அவரவர் வாசிக்கும் நிலைப்படி குழுவாக்கிச் சொல்லிக்கொடுப்பது. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பல இடங்களில் சோதித்துப் பார்த்து, இது வேலை செய்கிறது என்றார்கள்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படிகளும் இருந்தன. நோக்கம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டு செய்த ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் ஏணியில் ஏறினார்கள். மேலிருந்து வந்த உத்தரவு என்று மட்டும் செய்த இடத்தில் அட்டைகள் அலமாரியில் தூங்கின. சீர்திருத்தத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். வகுப்பறைக் கதவுக்கு உள்ளே அது போகிறதா என்பதுதான் கணக்கு.

மழை தின்ற நேரம், வேலை தின்ற நேரம்

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம். எல்லாமே அரையாண்டுத் தேர்வை ஒட்டிய காலத்தில். ஊருக்கு ஆபத்து என்றால் முதலில் திறப்பது பள்ளிக்கூடத்தின் கதவு, கடைசியில் காலியாவதும் அதே கட்டடம். புத்தகப் பை நனைந்து, நோட்டுகள் கூழாகிப் போன வீடுகள் எத்தனையோ. சனிக்கிழமை வகுப்பு வைத்து நாளை ஈடுகட்டுகிறார்கள். நாள் ஈடாகிவிடும். பிள்ளையிடம் விட்டுப்போனது ஈடானதா என்று தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

கொரோனா இதைப் பெரிய அளவில் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரைக் கல்வியாண்டு. சட்டக் கணக்கில் 1,200 மணி நேரம் போச்சு. 2021 அக்டோபர் இறுதியில் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், சாயங்காலத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பலன் இருந்ததா? தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டது. ஒரு பிள்ளைக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்து, அதன் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்பதற்கு அத்தனை பலம்.

இயற்கை தின்பது ஒரு பக்கம். மனிதர்கள் தின்பது இன்னொரு பக்கம். இந்தியப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, எந்த நாளிலும் நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்று 2005இல் சொன்னது. ஏழாயிரத்தில் நான்கில் ஒன்று என்றால் 1,750 மணி நேரம். தொடக்கப் பள்ளிக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. தேர்தல் வேலைக்கு யார் போகிறார்கள்? மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு யார் போகிறார்கள்? போனில் தினம் தினம் தகவல் ஏற்றுவது யார்? சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அந்த நாளில் அவர் பாடம் நடத்துவாரா, சத்தம் வராமல் பார்த்துக்கொள்வாரா?

ஆசிரியரைக் கண்காணிக்க இயந்திரம் வைப்பதற்கு முன்னால், ஆசிரியரின் நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பது பல நல்ல ஆசிரியர்களின் கோரிக்கை. காலியிடத்தை நிரப்புவதும், பாடம் தவிர்த்த வேலைகளைக் குறைப்பதும் அரசு செய்ய வேண்டியவை. வந்தால் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் செய்ய வேண்டியது. ஒன்றைச் செய்யாததற்கு இன்னொன்றைக் காரணமாகக் காட்டக் கூடாது.

ஜெயகாந்தன் படித்தாரா என்று கேட்பவர்களுக்கு

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒருவர் சொல்வார். 'எல்லாம் தலையெழுத்துங்க. நம்ம மஞ்சக்குப்பத்துல பிறந்த ஜெயகாந்தன் என்ன பெரிய படிப்பு படிச்சாரு? ஞானபீடம் வாங்கலியா?'

உண்மைதான். 1934இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கே வளர்ந்தார்? சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், அச்சகத்தில், புத்தகங்களுக்கும் படிக்கிற மனிதர்களுக்கும் நடுவில். பள்ளி கொடுக்காததை வேறு ஓரிடம் கொடுத்தது. பெரியவர்கள் அந்தச் சிறுவனைப் பொருட்படுத்தினார்கள், பேசினார்கள், வாசிக்கவைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் பள்ளி.

இன்று மேலே ஏணி பலமாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம், 2020 முதல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், 2022 முதல். மாணவர்களுக்கும் 2024இல் வந்துவிட்டது. கடலூரில் பெரியார் கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் கிள்ளைச் சிறுமிக்குக் கீழ்ப்படிகள் உடைந்திருக்கின்றன. வாசிக்கத் தடுமாறுகிறவள் ஒன்பதாம் வகுப்பில் திணறுவாள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னாலோ பின்னாலோ நின்றுவிடுவாள். 'படிப்பு ஏறல, வீட்ல சும்மாதானே இருக்கா' என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன மணி நேரத்தின் விலையை அவள் பதினாறு வயதில் கட்டுகிறாள்.

இருளர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மதில். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கூலியை இழந்து, களைத்துப்போன குடும்பங்கள் உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் விடுதியும் உதவித்தொகையும் கைக்கு எட்டாது. பள்ளிச் சீர்திருத்தம் என்பது சில நேரம் பள்ளிக்கு வெளியே ஒரு மேஜையில் கிடக்கும் காகிதத்தில் தொடங்குகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இன்று சாயங்காலமே பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் திட்டாதீர்கள். தெரிந்துகொண்டது நல்லது. தினமும் பத்து நிமிஷம் வாசிக்கட்டும், பாட்டியோ தாத்தாவோ காது கொடுத்துக் கேட்கட்டும். கேட்பவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கதை புரியவில்லையே, திரும்பப் படி என்று சொன்னால் போதும்.

பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கம் நிறைய எழுத்து இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதியதா, தானாக எழுதியதா? ஆசிரியர் பிழையைத் திருத்தியிருக்கிறாரா, ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கிறாரா?

தனியார் பள்ளியானாலும் அரசுப் பள்ளியானாலும் சேர்க்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளை சரளமாக வாசிக்கும்? வாசிக்காத பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? எல்லா வகுப்புக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் யார் வீட்டுக்கு விசாரிப்பது? பளபளக்கும் கட்டடம் உள்ள பள்ளி இதற்குத் தடுமாறலாம். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு தலைமை ஆசிரியை பெயர் பெயராகச் சொல்லலாம். பெயர் சொல்லும் பள்ளியை நம்பலாம்.

அரசுப் பள்ளியானால் இன்னும் ஒரு கருவி உங்கள் கையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. தமிழ்நாட்டில் 2022இல் இவை புதிதாக அமைக்கப்பட்டன. அப்போதைய 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோராக இருந்தார்கள். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கூட்டத்தில் டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்ட பிறகு, அடுத்த கேள்வியாக, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள், அவர்களை மொட்டுக்குக் கொண்டுவர நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்.

காமராசர் காலத்தில் ஊர் மக்களே சேர்ந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று பொருள் குறைவாக இருந்தது, ஊர் பொருளைக் கொடுத்தது. இன்று குறைவாக இருப்பது கவனம். அதையும் ஊர்தான் கொடுக்க முடியும்.

பள்ளி வாசலை மிதிக்க முடியாத பிள்ளைகளுக்கு, யாரைச் சிதம்பரத்துக்குள் விடவில்லையோ அவருடைய பெயரிலேயே ஒரு பள்ளியைத் திறந்தார் சகஜானந்தர். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. வாசல் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. காலையில் பையை மாட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிற உங்கள் பிள்ளையிடம், சாயங்காலம் 'இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்' என்று கேட்பதற்கு முன்னால், 'இன்னைக்கு என்னடா கண்ணு, புதுசா தெரிஞ்சுக்கிட்டே?' என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழாயிரம் மணி நேரத்தில் இன்றைய நான்கு மணி நேரம் எங்கே போனது என்பது, அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.